துடைத்து வைத்த சரிவுகள்: ஈசூன் மண்ணின் வரலாறு



ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். "நம் முன்னோர் காடாய்க் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, ரப்பர்த் தோட்டமாக்கி, இந்த மண்ணை வளப்படுத்தினார்கள்." சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை மூன்றில் படித்த ஒரு மாணவி கட்டுரையில் எழுதியது இது. நல்ல நடை, பிழை எதுவும் இல்லை. ஓரத்தில் 'அருமை' என்று எழுதினேன். மற்ற மாணவர்களுக்கு மாதிரி வாக்கியமாகவும் கொடுத்தேன்.

இன்றைக்கு அதைப் படித்தால் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று 'சுத்தம்'. மற்றொன்று 'வளப்படுத்தினார்கள்'. ஏன் உறுத்துகின்றன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் வசிக்கும் ஈசூனையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

மூன்று பெயர் கொண்ட ஊர்

ஈசூன் என்ற பெயர் எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சிலருக்குத் தெரியும்: 'நீ சூன்' என்ற தியோச்சூ உச்சரிப்பின் மாண்டரின் வடிவம்தான் 'ஈசூன்'. லிம் நீ சூன் (1879–1936) ரப்பர், அன்னாசித் தொழில்களில் பெரும்புள்ளி. அவருடைய ரப்பர்த் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த கிராமத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. பிறகு வீவக வீடுகள் எழுந்தபோது நகரத்தின் பெயர் ஈசூன் ஆனது.

அதற்கும் முன்னால் இந்த இடத்துக்கு வேறொரு பெயர் இருந்தது: சான் சூ காங். இயோ சூ காங், சுவா சூ காங், லிம் சூ காங் ஆகியவற்றின் உறவுக்காரப் பெயர் அது. ஆற்றோரமாகக் குடியேறிய சீனத் தோட்டக்காரர்களின் குடியிருப்புகளுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். முன்னால் வருவது பெரும்பாலும் குடும்பப் பெயராக இருக்கும்.

ஆக, மூன்று பெயர்கள். சான் சூ காங் என்றால் காம்பியரும் மிளகும். நீ சூன் என்றால் அன்னாசியும் ரப்பரும். ஈசூன் என்றால் அடுக்குமாடி வீடுகளும் நீர்த்தேக்கமும். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் மண்ணைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது.

முதல் பெயர்: காம்பியரும் மிளகும்

காம்பியர் என்பது ஒரு செடி. அதன் இலையைக் கொதிக்க வைத்து, சாற்றைக் கெட்டியாக்கி எடுப்பார்கள். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி போன்ற பொருள் அது. தோல் பதனிடவும் பயன்படும். 1819-இல் ராஃபிள்ஸ் வருவதற்கு முன்பே சிங்கப்பூரில் காம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. 1830களில் பிரிட்டனில் தோல் பதனிடுவோர் இதைக் கேட்கத் தொடங்கியதும் தோட்டங்கள் தீவின் உட்பகுதிக்கெல்லாம் பரவின.

காம்பியரோடு மிளகும் சேர்த்துப் பயிரிட்டார்கள். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கொதிக்க வைத்து மிஞ்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு எருவானது. ஆனால் அடுப்பெரிக்க விறகு வேண்டுமே! பக்கத்துக் காடுதான் விறகு. பயிருக்காக ஒரு பகுதிக் காடு போனது, அடுப்புக்காக இன்னொரு பகுதி போனது.

இப்படிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் போனால் மண் களைத்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். தோட்டக்காரர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஆற்றோரத்துக்குப் போவார்கள். 1840களில் இருந்து பலர் ஜொகூருக்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சரிவுகளில் கூர்மையான ஓரமுள்ள லாலாங் புல் மண்டியது.

இதைக் கவனித்து எச்சரித்தவர்களும் இருந்தார்கள். பினாங்கு மலைகளில் காட்டை அழித்தால் தட்பவெப்பம் என்னவாகும் என்று ஜே. ஆர். லோகன் 1848-லேயே எழுதினார். சிங்கப்பூர்ப் பூமலையின் கண்காணிப்பாளராக இருந்த நத்தேனியல் கேண்ட்லி, 1883-இல் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளை ஆராய்ந்து அறிக்கை தயாரித்தார். அப்போது சிங்கப்பூரில் மிஞ்சியிருந்த காடு ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. அதன் பிறகுதான் வனக் காப்பிடங்கள் ஒதுக்கப்பட்டன. புக்கிட் தீமா காடு இன்று நமக்கு இருக்கிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவியின் வாக்கியத்தில் "காடாய்க் கிடந்த இடம்" என்று வந்ததே, அந்தக் காட்டில் பெரும்பகுதி ரப்பர் பரவுவதற்கு முன்பே போய்விட்டது. ரப்பர் வந்தபோது இத்தீவின் பல சரிவுகள் ஏற்கெனவே ஒருமுறை களைத்துப்போன சரிவுகள்.

இரண்டாம் பெயர்: புல்லில்லாத தோட்டம்

1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. 1888-இல் பூமலைப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களிடம் ரப்பரை நடச் சொல்லி வற்புறுத்தினார். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. நீ சூன் வட்டாரம் உட்பட எல்லா இடத்திலும் ரப்பர். மரம் வளர்ந்து பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வருமானத்துக்கு இளமரங்களின் இடையே அன்னாசியை நட்டார்கள். லிம் நீ சூன் இரண்டிலும் பேர்பெற்றது இப்படித்தான்.

இந்த நேரத்தில்தான் நம்மவர்கள் பெருந்திரளாக வருகிறார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது.

அவர்களுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? பால்வெட்டு என்றுதான் எல்லாரும் எழுதுவோம். அது பாதிதான். மீதி வெளிக்காட்டு வேலை. அதில் பெரும்பகுதி புல் வெட்டுவது. பெண்களும் பிள்ளைகளும் இதில் அதிகம்.

என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா புல்வெட்டுக் கும்பலில் வேலை பார்த்தவராம். பாட்டி சொல்வார்: "அப்பல்லாம் மரத்துக்கு நடுவுல ஒரு புல்லு நிக்கக் கூடாதுப்பா. தரை வீட்டு வாசல் மாதிரி இருக்கணும். தொரை வந்து பாத்து, பச்சை தெரிஞ்சா கங்காணிக்குத் திட்டு. கங்காணிகிட்டேர்ந்து நமக்குத் திட்டு." சின்ன வயதில் இதைக் கேட்டபோது, எவ்வளவு பொறுப்பான வேலை என்றுதான் நினைத்தேன்.

இதற்குத் தோட்டத்துறையில் ஒரு பெயரே உண்டு: முழுக்களையெடுப்பு. மலாயாவுக்கு வந்த ஆரம்பகாலத் துரைமார்களில் பலர் இலங்கையில் காப்பி பயிரிட்டவர்கள். 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியை அழித்தது. காப்பித் தோட்டத்தில் கற்ற பழக்கங்களோடு அவர்கள் இங்கே வந்தார்கள். களை இருந்தால் மரத்தின் சத்தைத் தின்றுவிடும் என்பது அவர்களின் எண்ணம். லாலாங் புல்லைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருந்தது. ஆனால் லாலாங்கோடு சேர்த்து எல்லாப் பச்சையையும் துடைத்தெடுத்தார்கள்.

தமிழ்ப் படித்த நமக்கு இது தவறாகத் தோன்றாது. திருக்குறளின் 'உழவு' அதிகாரத்திலேயே களையெடுப்பு உழவரின் வேலைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறதே! ஆனால் யோசித்துப் பாருங்கள். காவிரிக்கரை வயல் சமதரை. நாலு பக்கமும் வரப்பு. பெய்த மழை வயலுக்குள்ளேயே நிற்கும், மண் எங்கேயும் போகாது. அங்கே களையெடுப்பது நல்லது. மலைச்சரிவில் வரப்பு இல்லை. அங்கே தரையைத் துடைத்துவிட்டால் மழையைத் தடுத்து நிறுத்த என்ன இருக்கிறது? ஒரே வேலைதான், நிலம் மாறியதும் பலன் தலைகீழானது.

மழைத்துளி என்ன செய்கிறது?

"மண்ணரிப்பு ஏற்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், அது எப்படி நடக்கிறது என்று எழுதத் தெரிந்தால் தேர்வுக் கட்டுரை வலுவாகும். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் தூறலாக இல்லை, கொட்டுகிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. வெற்று மண்ணில் அது விழும்போது மண்கட்டி உடைந்து தூளாகிறது. அந்தத் தூள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேற்பரப்பில் ஓடுகிறது. சரிவு நீளமாக இருந்தால் ஓட ஓட வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த நீரின் ஆற்றல் நான்கு மடங்காகும். மேலே இருக்கும் வளமான மண்தான் முதலில் போகும்.

"அதான் மேலே ரப்பர் மரம் இருக்கே, சார். அது குடை மாதிரி இல்லையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. உயர்ந்த மரத்தின் இலையில் சேரும் நீர் இன்னும் பெரிய துளியாகத் திரண்டு, கிளை உயரத்திலிருந்து மறுபடி வேகமெடுத்து விழுகிறது. ஆகவே கீழே வெறுந்தரை என்றால், மேலே மரம் இருந்தும் பெரிய பயனில்லை. மண்ணைக் காப்பாற்றுவது தரையை ஒட்டி இருக்கும் இலைச்சருகும் கொடியும் சிறுசெடியும்தான். முழுக்களையெடுப்பில் போனது அந்தப் போர்வை.

போன மண் மறைந்துவிடுவதில்லை, கீழே போய்ச் சேர்கிறது. ஆற்றின் அடித்தளம் உயர்கிறது, வெள்ளம் வருகிறது. மலாயாவில் தோட்டங்களைவிட ஈயச் சுரங்கங்களால் இது கடுமையாக நடந்தது. சிலாங்கூரின் கோல குபு நகரம் வண்டலும் வெள்ளமும் தாங்காமல் கைவிடப்பட்டு, பக்கத்தில் கோல குபு பாரு என்ற புது ஊர் உருவானது.

திருத்தம் எப்படி வந்தது?

இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. திருத்தம் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து மட்டும் வரவில்லை, பணமுடையிலிருந்தும் வந்தது.

1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். புல் வெட்ட ஆளுமில்லை, கொடுக்கக் காசுமில்லை. பச்சை மீண்டும் முளைத்தது. அப்படி முளைத்த இடங்களில் மரங்கள் செத்துவிடவில்லை. களையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத சிறுதோட்டக்காரர்களின் மரங்களும் நன்றாகவே பால் கொடுத்தன. அத்தனை ஆண்டுகளாக முதுகொடிய வெட்டிய புல்லில் பெரும்பகுதியை வெட்டியே இருக்க வேண்டியதில்லை என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

1925-இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் நிலப்போர்வையைப் பற்றி ஆராய்ந்தது. படிப்படியாக நடைமுறைக்கு வந்தவை நான்கு.

முதலாவது, மூடுபயிர். சென்ட்ரோசீமா, பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிட்டார்கள். இவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அடர்ந்து படர்ந்து லாலாங்கையும் அமுக்கிவிடும்.

இரண்டாவது, சமவுயர நடவு. மேலிருந்து கீழாக நேர்வரிசையில் நடாமல், ஒரே உயரத்தில் சரிவைச் சுற்றி நடுவது. ஒவ்வொரு வரிசையும் தண்ணீருக்கு ஒரு தடை.

மூன்றாவது, படித்தளம். செங்குத்தான சரிவைப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மலைப்பக்கம் லேசாகச் சாய்த்துவிடுவது. அப்போது நீர் வெளியே வழியாமல் உட்பக்கம் தேங்கி இறங்கும்.

நான்காவது, வண்டல் குழியும் மண் வரப்பும். ஓடிவரும் நீர் குழியில் நின்று மண்ணை அங்கேயே இறக்கிவிடும். சேர்ந்த மண்ணை அள்ளி மீண்டும் சரிவில் போடலாம். ஏரி வண்டலை வயலுக்கு அள்ளிப்போடும் ஊர்ப்பழக்கம் உங்களுக்கு நினைவு வருகிறதா? அதே கணக்குதான்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இதேபோன்ற கதைதான். அங்கே சரிவின் குறுக்கே வெட்டும் வடிகாலுக்குக் 'கான்' என்று பெயர். கானுக்குள் இடையிடையே பள்ளம் விட்டு மண்ணைத் தேக்குவார்கள். 1931-இல் மண்ணரிப்பை ஆராய்ந்த ஓர் அரசுக் குழு அறிக்கை அளித்தது. 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில், அப்போதைய சென்னை மாகாணத்தில், சமவுயர வரப்பு அமைப்பதற்கென்றே 1949-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் புழுதிப் புயல்கள் வயல்களைத் தூக்கிச் சென்ற பிறகு 1935-இல் மண் பாதுகாப்புத் துறை உருவானது. அந்த இருபது ஆண்டுகளுக்குள் உலகின் பல பகுதிகளும் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன.

இந்தக் கானையும் குழியையும் படித்தளத்தையும் தோட்டங்களில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? அதே தொழிலாளர்கள்தான். மண்ணை வெறுமையாக்கியதும் அவர்கள் கைதான், மண்ணை நிறுத்தியதும் அவர்கள் கைதான். இரண்டையும் முடிவு செய்தது மட்டும் அவர்கள் இல்லை. வரப்புள்ள ஊரிலிருந்து வந்தவர்களிடம், "இந்தச் சரிவில் என்ன செய்யலாம்?" என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

மூன்றாம் பெயர்: இன்றைய ஈசூன்

ஈசூனில் இன்று ரப்பர்த் தோட்டம் இல்லை. ஆனால் சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி, 1980களில் உருவாக்கிய கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கம் இருக்கிறது. நகரத்தில் பெய்யும் மழை வடிகால் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. கனமழை நாளில் ஒரு கட்டுமானத் தளத்தைக் கடந்து நடந்தால் பார்க்கலாம்: மண்மேட்டின் மேல் விரிப்பு, சுற்றிலும் வண்டல் வேலி, உள்ளே மண்ணைப் படியவிடும் தொட்டி. கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்கு விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருக்கக்கூடாது என்பது சட்டம். தோட்டத்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இந்த நகரம் எண்ணால் எழுதி வைத்திருக்கிறது.

பிரச்சினை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தேக்கா சந்தையில் கேமரன் மலைக் காய்கறி வாங்குகிறோம் இல்லையா? அந்த மலைச்சரிவுகளில் காய்கறிக்காகக் காடு வெட்டப்பட்டதால் மண் அரிக்கப்பட்டு, 1963-இல் முடிந்த ரிங்லெட் நீர்த்தேக்கத்தை வண்டல் பெருமளவு நிரப்பிவிட்டது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீரைத் திறந்துவிட, கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. நம் தட்டிலுள்ள கீரைக்கும் ஒரு சரிவு இருக்கிறது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்.

கலைச்சொற்கள்: மண்ணரிப்பு, வழிந்தோடும் நீர், மூடுபயிர், சமவுயரக் கோடு, படித்தளம், வண்டல். தோட்டத்துப் பேச்சுச் சொற்களான வெளிக்காடு, கங்காணி, கான் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் தாத்தா பாட்டியைப் பற்றிப் பேசும் பிள்ளைகளுக்கு இவை உதவும்.

ஒரு சிறு சோதனை: இரண்டு தட்டில் மண் எடுத்து, ஒன்றை வெறுமையாகவும் மற்றொன்றைக் காய்ந்த இலை போர்த்தியும் ஒரே சாய்வில் வையுங்கள். பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றி, கீழே வடியும் நீரின் நிறத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு காரண காரியத் தொடர்களாக எழுதச் சொல்லுங்கள்: "தரையில் போர்வை இல்லாததால்...", "அதன் விளைவாக...", "ஆகவே...".

கலந்துரையாட மூன்று கேள்விகள்: ஒரு தோட்டம் 'நன்றாக இருக்கிறது' என்பதை யார் முடிவு செய்தார்கள்? வயலில் நல்லதாக இருந்த பழக்கம் சரிவில் ஏன் கெடுதலானது? ஒரு வேலையைச் செய்தவருக்கும் அதை முடிவு செய்தவருக்கும் பொறுப்பை எப்படிப் பிரிப்பது?

மாணவர்களே, முன்னோரைப் பற்றி எழுதும்போது பெருமையாக எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புகழ்ச்சி மட்டும் எழுதினால் அவர்கள் உண்மையில் பட்டது தெரியாமல் போய்விடும். உழைப்பு வீணான இடத்தையும் எழுதினால்தான் அந்த உழைப்பின் எடை தெரியும்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய வாக்கியத்தை நான் இப்போதும் வகுப்பில் பயன்படுத்துகிறேன், கூடவே இன்னொன்றையும் எழுதிப்போடுகிறேன்: "நம் முன்னோர் சொல்லப்பட்டபடி சரிவுகளைத் துடைத்தார்கள்; மண் கரைந்தது; பிறகு குழியும் கானும் வெட்டி அதே மண்ணை நிறுத்தினார்கள்." எது நல்ல வாக்கியம் என்று மாணவர்களையே விவாதிக்கச் சொல்கிறேன். உங்கள் வகுப்பிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.